செம்மேட்டுக்கு ஒன்பது விநாடி

ஜனவரி 6, திங்கள்

கேபிள் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஐந்து நாளாகச் சும்மா கிடந்தது. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. எதையாவது கிறுக்கினால் கைக்காவது ஒரு வேலை இருக்கும் என்று எடுத்தேன்.

அகாடமியில் ஞானப்பிரகாசம் சார் இன்று அறிவித்துவிட்டார். மணிக் கேள்வி இனி விளையாட்டு இல்லை. பிப்ரவரி பன்னிரண்டு வரை அதில் அதிகப் புள்ளி எடுக்கும் முப்பது பேரை மே மாத நீட் தேர்வு வரை சாரே பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அகாடமி செலவு. போன வருடம் அந்த முப்பதில் பாதிக்கு மேல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

சார் திருச்சி தில்லைநகர் வகுப்பில் கேமரா முன் நின்று பௌதிகம் நடத்துவார். நாமக்கல், பெரம்பலூர், கொல்லிமலை செம்மேடு ஆகிய மூன்று கிளைகளில் பிள்ளைகள் பெரிய திரையில் பார்ப்பார்கள். நடுநடுவே மேசை மணியைத் தட்டிவிட்டு வாயால் ஒரு கேள்வி கேட்பார். மணி அடித்ததுமே ஒவ்வொருவர் டேப்பிலும் நான்கு பட்டன் எரியும். முதலில் சரியாக அமுக்கும் ஐந்து பேருக்குப் புள்ளி. ஐந்து வந்ததும் பட்டன்கள் அணைந்து, அந்த ஐந்து பெயரும் எல்லாருடைய டேப்பிலும் வரும். தப்பாக அமுக்கினால் கையில் இருக்கும் புள்ளியில் ஒன்று போகும்.

இந்த நான்கு இடத்தையும் இணைத்து வைத்திருப்பதுதான் என் உத்தியோகம். தில்லைநகரிலும் நாமக்கல்லிலும் ஃபைபர், கேட்டதற்கு மேலேயே கொட்டும். பெரம்பலூர் பரவாயில்லை. செம்மேட்டுக்கு ஒரு கோபுரத்திலிருந்து காற்று வழியாக வரவேண்டும். காகிதத்தில் பத்து எம்.பி. என்று போட்டிருக்கிறார்கள், வந்து சேர்வது மூன்றோ நான்கோ. மேகம் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது.

என் மகன் முகுந்த் தில்லைநகர் வகுப்பில் இருக்கிறான். இரண்டாவது தடவை எழுதுகிறான். போன ஜூனில் முடிவு வந்த அன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதப்போவதில்லை. என் வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து போனில் சொன்னது ஒன்றுதான். இன்னும் ஒரு தடவை, அதற்குப் பிறகு தம்பியின் ஹார்டுவேர் கடை. அவன் அந்த முப்பதுக்குள் வந்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஜனவரி 8, புதன்

ஸ்கூட்டர் பஞ்சர். ஆட்டோவில் போய் இறங்குவதற்குள் தங்கராசு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். செம்மேடு கிளையைப் பார்த்துக்கொள்ளும் பையன் அவன்.

"மேடம், பட்டன் அமுக்கறதுக்குள்ள மூடிக்குதுங்க."

"சீக்கிரம் அமுக்கச் சொல்லுங்க."

"இல்லீங்க மேடம், கேள்வி இங்க வர்றதுக்கு முன்னாடியே மூடிக்குதுங்க."

கணினியில் பார்த்தேன். படம் அங்கே ஒன்பது விநாடி தாமதமாக ஓடுகிறது. அது என் கைங்கர்யம்தான். ஜூலையில் படம் திக்கித் திக்கி வருகிறது என்று புலம்பினார்கள். வருகிற படத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு காட்டும்படி அங்கிருக்கும் பெட்டியை இங்கிருந்தே அமைத்தேன். திக்கல் நின்றது, சார் பாராட்டினார். பட்டன் எரிவதும் அணைவதும் சின்னச் சின்னச் செய்திகள், ஒரே விநாடியில் போய்விடும். படம்தான் பெரிய சுமை, அது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது.

மென்பொருள் கையேட்டை முழுக்கப் படித்தேன். நான்காவது அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால், கேள்வி அந்தந்தக் கிளைக்குப் போய்ச்சேர்ந்த பிறகுதான் அந்தக் கிளையின் கடிகாரம் ஓடத் தொடங்கும். எல்லாக் கிளையும் அமுக்கி முடிக்கும்வரை யாருக்கும் மூடாது.

ஓடுகிற வண்டியில் சக்கரம் மாற்றக்கூடாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடும். பொங்கல் விடுமுறையில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முகுந்துக்கு இன்று நான்கு புள்ளி. படியேறும்போதே பாட்டு முனகிக்கொண்டு வந்தான். ஜூனுக்கு அப்புறம் இந்த வீட்டில் யாரும் பாடியதில்லை.

ஜனவரி 10, வெள்ளி

செம்மேட்டு ரவுட்டரில் எது முதலில் போகவேண்டும் என்ற வரிசையை மாற்றினேன். குரல் முதலில், அடுத்து படம், அடுத்து பட்டன், மற்றதெல்லாம் கடைசி. தங்கராசுவின் போன் பின்னணியில் தானாகப் படங்களை எங்கோ ஏற்றிக்கொண்டிருந்தது, அதையும் பிடித்து நிறுத்தினேன். நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. ஒன்பது விநாடி எட்டரை ஆயிற்று. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே புளித்துப்போனது.

நான் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லமுடியாது.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய கேபிள்களைத் தூக்கிப்போடலாம் என்று எடுத்தேன், திரும்பப் பரணிலேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். ஓசூரிலிருந்து வந்தவர் நாளை மதியம் கிளம்புகிறார். முகுந்த் இருபத்தாறாவது இடம் என்று தெரிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு வாட்ச் வாங்கிக்கொடுத்தார். கடை என்ற பேச்சே எடுக்கவில்லை. கரும்பைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் மொட்டைமாடியில் சிரித்துப் பேசுவது கீழே எனக்குக் கேட்டது. அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்தான்.

விடுமுறையில் பார்ப்பதாக எழுதியிருந்தேன். வீட்டில் மனுஷர் இருக்கும்போது மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது?

ஜனவரி 18, சனி

சார் வகுப்பு நடுவில் கோபித்துக்கொண்டார். கேமராவைப் பார்த்து, "செம்மேடு! நான் வாயத் திறக்கவே இல்ல, அதுக்குள்ள அமுக்குறீங்க. அவசரக்குடுக்கைங்களா நீங்க? ரயிலா போயிடும்?" என்றார். தில்லைநகர் வகுப்பே சிரித்தது. முகுந்தும் சிரித்தான், கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன்.

தங்கராசுவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எப்படியும் மூடிக்கும்னு தெரிஞ்சு போச்சுங்க. அதான் பட்டன் எரிஞ்சதும் குத்துமதிப்பா ஒண்ண அமுக்கிப்புடறாங்க."

"அப்படி அமுக்க வேண்டாம்னு சொல்லுங்க தங்கராசு. மைனஸ்தானே ஆகுது?"

"சரிங்க மேடம். அப்ப எப்பத்தாங்க அமுக்கறது?"

இன்னொரு போன் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னொரு போன் வரவில்லை.

எங்கள் மூன்று கிளைகளிலேயே மெதுவான கிளைக்கு அவசரக்குடுக்கை என்று பெயர்.

ஜனவரி 21, செவ்வாய்

செம்மேட்டில் தங்கராசுவைச் சிம் கார்டு போடச் சொல்லி இரண்டாவது பாதை ஒன்று உண்டாக்கினேன். இரண்டையும் சேர்த்தால் வேகம் கூடும் என்று கணக்கு. ஆனால் இரண்டும் இரண்டு வேகம். ஒன்று முந்திக்கொண்டு போக மற்றது பின்தங்க, படம் முன்னும் பின்னுமாகக் குதித்தது. திரையில் சார் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாராம். பிரித்துவிட்டேன். பெரிய ஆன்டெனா ஒன்று வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது சார், "மலைக்காக இவ்ளோ மெனக்கெடறீங்களே" என்றார். ஃபைலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முகுந்த் இருபத்தி நான்கு. முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். "கேள்வி முடியறதுக்குள்ள எனக்கு விடை வந்துருதும்மா, எப்படின்னே தெரியல" என்றான். ராத்திரி நன்றாகத் தூங்குகிறான். நான்தான் தூங்குவதில்லை. காபியைக் குறைக்கவேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

சார் என் அறைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மைதிலி, ஒரு விநோதம் பாத்தீங்களா? செம்மேட்டுல செவ்வந்தின்னு ஒரு பொண்ணு. நாலு நிமிஷம் பிடிக்கிற கணக்கெல்லாம் போடுது. சுழற்சி இயக்கத்துல நான் வேணும்னே ஒரு கோணல் கேள்வி கேட்டேன், தில்லைநகர்ல ஒருத்தன் அசையல, அது போட்டுடுச்சு. ஆனா ஒத்தவரிக் கேள்வி கேட்டா அம்புட்டையும் கோட்டை விடுது. அந்தக் கிளையே அப்படித்தான் இருக்கு. கஷ்டமானது வருது, சுலபமானது வரல. எங்கயாச்சும் உண்டா இப்படி?"

நாலு நிமிடக் கணக்கில் ஒன்பது விநாடி என்ன செய்யும்? ஒற்றை வரிக் கேள்வியில் ஒன்பது விநாடி என்பது எல்லாமே. இது எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"விநோதம்தான் சார்" என்றேன்.

"கவனம் பத்தலன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வீட்டுக்கு வரும் வழியில் பால் வாங்க மறந்தேன். திரும்பப் போய் வாங்கினேன். வந்து பார்த்தால் காலையில் வாங்கின பால் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 29, புதன்

ஆன்டெனா வந்துவிட்டது. ஆள் அனுப்பலாம் என்றார்கள். நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

மலையடிவாரக் காரவள்ளியில் தொடங்கி வளைவு, வளைவு, வளைவு. பாதியிலேயே பையிலிருந்த பிளாஸ்டிக் கவர் பயன்பட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் அன்னாசிப்பழத் துண்டு ஒன்றைக் கையில் திணித்து, "உப்புப் போட்டுத் தின்னுங்க, நின்னுடும்" என்றாள். நின்றுவிட்டது.

செம்மேடு கிளை ஒரு மிளகு மண்டியின் மாடியில் இருக்கிறது. ஏறும்போதே தும்மல். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது போலிருக்கிறது, நான் தும்மும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். தங்கராசு எனக்கென்று ஃபிளாஸ்கில் காபி வாங்கி வைத்திருந்தான். மாடியில் ஆன்டெனாவை நிறுத்தி, திசை பார்த்துத் திருகி முடித்தோம். வேகம் நான்கிலிருந்து ஐந்தரைக்குப் போனது. அவ்வளவுதான்.

பிறகு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் இந்த வகுப்பை வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

திரையில் சார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் டேப்பில் நான்கு பட்டனும் எரிந்தன. யாரும் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். பட்டன்கள் அணைந்தன. பெயர்கள் வந்தன. முதல் பெயர் முகுந்தன், தில்லைநகர். திரையில் சார் இன்னும் துடைப்பானைக் கீழே வைக்கவில்லை. அப்புறம்தான் திரும்பினார், மணியைத் தட்டினார், கேள்வியைக் கேட்டார்.

என் பிள்ளையின் பெயர் கேள்விக்கு முன்னால் வந்து நிற்கிறது.

இடைவேளையில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்வெட்டரின் கைகளை விரல் வரை இழுத்துவிட்டிருந்தாள். செவ்வந்தி. நான் கேட்காமலே சொன்னாள்.

"ஒம்போது செகண்டுங்க மேடம். நான் எண்ணிப் பாத்துட்டேன். பட்டன் எரியறதுக்கும் சார் மணி அடிக்கறதுக்கும் நடுவுல எண்ணுனா வந்துருதுங்க."

"அப்புறம் எப்படிம்மா சமாளிக்கற?"

"சுலபமான கேள்விய நாங்க எடுத்துக்கறதில்லீங்க. அது தில்லைநகருக்கு. கஷ்டமானது மட்டுந்தான் எங்களுக்கு." கோபமே இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். "எல்லாரும் அவசரப்பட்டு அமுக்கி மைனஸ் ஆனாங்க, நான்தான் வேணாம்னுட்டேன். மூடுனப்புறம் கேள்வியக் கேட்டு நாங்களா ஒரு தடவ அமுக்கிப் பாத்துக்குவோம். சரியா வருதான்னு."

பின்னாலிருந்து ஒரு பையன், "போன ஜென்மத்துலயே படிச்சிட்டு வந்தவருங்க மேடம் அந்த முகுந்தன்" என்றான். வகுப்பே சிரித்தது. அது அவர்களுக்குள் பழைய கேலி போலிருக்கிறது.

"உங்களுக்கு அவரத் தெரியுங்களா மேடம்?" என்று செவ்வந்தி கேட்டாள்.

"பாத்திருக்கேன்" என்றேன்.

"இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்களா? மலைன்னா அப்படித்தான்னு தங்கராசு அண்ணன் சொன்னாருங்க."

அது நான் தங்கராசுவிடம் சொன்னது.

பஸ் ஏற்றிவிட வந்த தங்கராசுவிடம், சாரிடம் நேராக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லலாமுங்க. ஆனா தொந்தரவு புடிச்ச கிளைன்னு மூடிப்புட்டா என்ன பண்றது? இவங்கெல்லாம் கீழ போயி ரூம் எடுத்துப் படிக்க முடியாதுங்க. அதான், நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்துட்டேன்" என்றான்.

ஜனவரி 30, வியாழன்

விடுப்பு. பீரோவைக் கலைத்து அடுக்கினேன். ஃபிரிட்ஜைத் துடைத்தேன். திரைச்சீலைகளைத் தோய்த்தேன், காய்வதற்குள் மழை வந்தது. முகுந்த், "என்னம்மா, யாராச்சும் வர்றாங்களா?" என்றான்.

பிப்ரவரி 1, சனி

நான்காவது பக்கம். டிக். சேமி. அரை நிமிட வேலை.

எதுவும் கெடவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

முதல் கேள்விக்கு செம்மேட்டிலிருந்து இரண்டு பெயர். மூன்றாவது கேள்விக்கு மூன்று. சார் கேள்வியை நிறுத்திவிட்டு, "அட! மலை முழிச்சுக்கிச்சு!" என்றார். வகுப்பு முடிந்ததும் அலுவலகம் முழுவதற்கும் பாதுஷா வரவழைத்து, மைதிலி மேடத்தின் ஆன்டெனா என்று எல்லாரிடமும் சொன்னார். கைதட்டினார்கள். நான் பாதுஷாவைச் சாப்பிட்டேன்.

முகுந்துக்கு இன்று ஒரு புள்ளியும் இல்லை. வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தான்.

"லைன்ல ஏதோ பிரச்சினம்மா. நான் மொதல்லயே அமுக்கறேன், பேர் வர மாட்டேங்குது. என் டேப்ல இருந்து லேட்டா போகுது போல. நீ கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேன்டா."

"சும்மா சொல்லாத. நெஜமாவே பாரு."

பிப்ரவரி 6, வியாழன்

அவன் டேப்பை வாங்கிச் சோதிப்பதுபோல் சோதித்தேன். புது சார்ஜர் வாங்கிக்கொடுத்தேன். இன்று ஒரு புள்ளி எடுத்தான். "பாத்தியா, சார்ஜர்தான்" என்றான். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, அடுக்களைக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். சமையல் ஏற்கெனவே முடிந்திருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

நகம் எல்லாம் போயிற்று.

பிப்ரவரி 12, புதன்

கடைசி நாள். முகுந்த் முப்பது. செவ்வந்தி முப்பத்தொன்று. இடையில் இரண்டே புள்ளி. சனிக்கிழமை காலை பட்டியல் ஒட்டுகிறார்கள்.

ஓசூருக்குப் போன் போட்டு முகுந்தே சொன்னான். "கடைசி ஆளா இருந்தா என்னப்பா, உள்ளதான இருக்கேன்" என்று குதித்தான். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். எத்தனை உயரம் வளர்ந்துவிட்டான்!

தேறிவிட்டான். பிப்ரவரி ஒன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தானே நடந்தது. அதற்கு முன் நடந்ததை யார் என்ன செய்ய முடியும்? இதையே மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் செய்ய முடியும். மூடின பிறகு அமுக்கினால் புள்ளி கிடைக்காதே தவிர, அமுக்கின விடையையும் நேரத்தையும் சர்வர் வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் சரி பார்த்துக்கொள்ள அமுக்கினதெல்லாம் அங்கே கிடக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

காலையிலேயே அலுவலகம் போய்க் கணக்கை எடுத்தேன். ஜனவரி முழுவதற்கும் ஒவ்வொரு கிளையின் தாமதத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. செவ்வந்தி ஒன்பதாவது. செம்மேட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் உள்ளே. பெரம்பலூரிலும் சிலர் மேலே வருகிறார்கள், அங்கேயும் இரண்டு விநாடி தாமதம் இருந்திருக்கிறது, அதை நான் பார்க்கவே இல்லை. முகுந்த் நாற்பத்தி நான்கு.

தாளை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏனென்று தெரியாமல் திரும்ப மாட்டிக்கொண்டேன். நின்றபடியே ஒன்பது விநாடிக் கதையைச் சொன்னேன்.

"ஆன்டெனா இல்லையா அப்ப?"

"இல்ல சார். ஒரு டிக்."

"அது இருக்குன்னு எப்பத் தெரியும்?"

"ஜனவரி எட்டாந்தேதி சார்."

அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார், நான் தாளின் ஓரத்தை மடித்து மடித்து நீவினேன்.

"உங்க பையன் முப்பதுல்ல?" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். "நான் அந்தப் பிள்ளைங்கள அவசரக்குடுக்கைன்னேன். கேமரா முன்னாடி. எல்லாரையும் சிரிக்க வச்சேன்" என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "வேணும்னா முப்பதை முப்பத்தொண்ணு ஆக்கிடலாமா மைதிலி? ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார். நல்ல மனுஷர்.

"முப்பத்தொண்ணு ஆக்கினாலும் அவன் வர மாட்டான் சார்" என்று தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "நாப்பத்தி நாலு."

பட்டியலை மாற்றச் சொல்லி என் கண் முன்னாலேயே போன் செய்தார். என்னைப் பற்றித் திங்கட்கிழமை பேசலாம் என்றார். சரி சார் என்றேன். வெளியே வந்து தங்கராசுவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியல் சொல்லட்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், என் வாயால் கேட்கட்டும் என்று, முகுந்த் வகுப்பு முடிந்து வந்ததும் உட்காரவைத்தேன். கத்துவான் என்று முன்னாடியே ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். கேள்வி செம்மேட்டுக்குத் தாமதமாகப் போனது, எனக்குத் தெரிந்தும் விட்டுவைத்தது, டிக் போட்டது, சார்ஜர், சாரிடம் போனது, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"லிஸ்ட்ல நான் இல்லையா?"

"இல்லடா."

வாட்சைத் திருகிக்கொண்டே இருந்தான். எனக்குப் பதில்கள் தயாராக இருந்தன. சாதாரண வகுப்பு எங்கேயும் போய்விடவில்லை, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. அவன் அதில் எதையும் கேட்கவில்லை.

"அப்ப நான் ஒண்ணும் வேகமில்ல. அப்படித்தானம்மா?"

"நீ நல்லா படிக்கிறடா."

"நான் அதக் கேக்கல."

ஒரு மாதமாகத் தலை நிமிர்ந்து திரிந்த பிள்ளை. முடி வெட்டிக்கொண்டு, பாட்டு முனகிக்கொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டு. அவனுக்கு அதைக் கொடுத்தது நான், அது அவனுடையது இல்லை என்று சொல்லவேண்டியதும் நான். இடம் போனதுகூட எனக்கு அந்த நிமிடம் பெரிதாகப் படவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லடா" என்றேன். "லைன்தான் வேகம்."

தலையை ஆட்டினான். எழுந்து போய்த் தானே தட்டெடுத்து, தானே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். குனிந்த தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான். இந்த வீட்டில் அவன் ஒரு தம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை. தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தான். பிறகு அடுக்களை வாசலில் நின்று, "குழம்பு நல்லாருந்துச்சும்மா" என்றான், விருந்துக்கு வந்தவர்கள் கிளம்பும்போது சொல்வதுபோல. சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டான்.

கத்தியிருக்கலாம் அவன்.